ஆளில்லாத் தீவில் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு

எங்கள் கோயில் திருவிழாவின் கடைசி நாள் அசனம். ஊருக்கே சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். இந்த வருஷம் தலைமைச் சமையல் யாருக்கு என்று, அசனக் கரண்டியை நடுவில் வைத்துக் கூடிப் பேசினோம். கப்பலில் சமைத்து ஓய்வுபெற்ற சிங்கராயருக்கு அந்தக் கரண்டிமேல் கொள்ளை ஆசை. சும்மா கேட்டிருந்தாலே கொடுத்திருப்போம். மனுஷன் வாயைத் திறந்துவிட்டார்.

“வடதுருவத்துக்குப் பக்கத்துல கொத்துக் கொத்தாத் தீவுங்க. குடியிருக்க ஒரு ஆள் கிடையாது. கப்பல் பனியில மாட்டிக்கிட்டு. நான் குழம்பைத் தாளிச்சேன் பாரும், வாசம் அப்படியே அந்தரத்துல உறைஞ்சு நிக்கி! சுத்தியலால உடைச்சுச் சாக்குல கட்டினோம்.”

“அந்தச் சாக்கு எங்க வே?” என்றார் கமிட்டித் தலைவர் பிலவேந்திரன்.

“நம்ம வெயில்ல உருகிப் போச்சு அண்ணாச்சி. ஆறு மாசம் துறைமுகமே மணத்துச்சுல்லா!”

யாருக்கும் மணந்ததாக ஞாபகமில்லை. அவர் நிறுத்தவில்லை.

“வாசத்துக்கு வெள்ளைக்கரடி வந்துட்டு. அங்க சட்டமெல்லாம் மிருகத்துக்குத்தான். சுடக் கூடாது, விரட்டக் கூடாது, ‘ச்சூ’ன்னுகூடச் சொல்லக் கூடாது. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கேன், அது அண்டாவுக்குள்ள தலையை விடுது. காரம் ஏறுன ஏத்தத்துல தோலைக் கழட்டித் துண்டா தோள்ல போட்டுக்கிட்டு, மறு கரண்டி கேக்கு!”

“தோலில்லாம குளிராதா?” என்று கேட்டேன்.

“குழம்பு அப்படி, தம்பி.”

மறுநாள் தந்தம் மாதிரி ரெண்டு பல் நீட்டிக்கொண்டு வால்ரஸ் என்ற கடல்மிருகக் கூட்டம் வந்ததாம். பனிக்கட்டியை இலையாகப் போட்டுப் பந்தியில் உட்கார்ந்ததாம். கடற்பறவைகள்தான் பரிமாறினவாம்.

“மிருகத்துக்குத் தீனி போடுறதும் அங்க குத்தமாச்சே?” பிலவேந்திரன் மடக்கினார்.

“வந்தானே அதிகாரி, பிடிக்கதுக்கு! கரடி, வால்ரஸ் எல்லாம் என்னைச் சுத்தி வேலி கட்டி நின்னுட்டு. அதுங்களைத் தொட்டா அவன் வேலை போயிரும். வந்த வழியே போயிட்டான்.”

ரோசம்மா அக்கா நிமிர்ந்தாள். அசனத்துக்குக் காய் நறுக்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி.

“அந்த அதிகாரி ஒரு வாய் சாப்பிட்டாரா?”

“கரடியும் வால்ரஸும் மிச்சம் வச்சாத்தான?”

“உங்க கப்பல்காரங்க?”

“கரடி வாய் வச்ச அண்டாவை எடுக்கப்படாதுல்லா! பாவம், பிஸ்கட்டு தின்னாங்க.”

“அப்போ மனுஷன் ஒருத்தனும் சாப்பிடல.” ரோசம்மா அக்கா கரண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நம்ம அசனத்துக்கு மனுஷங்கதான் வருவாங்க. நீரு வெங்காயம் உரிக்க வாரும்.”