குப்புறக் கிடத்தாத படம்

ஆடல்நல்லூரில் சேலைக்குப் பூவும் கொடியும் பதிக்கும் அச்சுக்கட்டைகளைச் செதுக்கிப் பிழைத்தவர் வைரவ ஆசாரி. உளி பிடித்துக் காய்ப்பேறிய கையால் கோயில் வாசலைக் கும்பிட்ட பிறகுதான் அவருக்குக் கஞ்சி இறங்கும். கஞ்சி இல்லாத நாளும் உண்டு. கும்பிடாத நாள் கிடையாது.

அவ்வூர்க் கூத்தப்பெருமான் இடக்கால் தூக்கி ஆடுபவர். திருவாதிரைக்கு வர முடியாமல் படுத்திருக்கும் நோயாளிகளுக்குச் சுவாமி படம் அச்சிட்டு அனுப்பக் கோயிலார் விரும்பினார்கள். வரைந்த படத்தை வைரவனாரிடம் ஒப்படைத்தார்கள். அன்று அவர் கால் தரையில் பாவவில்லை.

தொழிலுக்கு ஒரு முறை உண்டு. படத்தின் முகம் மரத்தில் படும்படி குப்புற ஒட்டி, தாளின் பின்புறம் தெரியும் கோட்டைப் பார்த்துத்தான் செதுக்க வேண்டும். அப்போதுதான் மை தடவித் தாளில் ஒற்றும்போது இடம் இடமாகவும் வலம் வலமாகவும் விழும். பசை தடவிய கட்டையின் முன் உட்கார்ந்த வைரவனாருக்கோ சுவாமியைக் குப்புறக் கிடத்த மனம் வரவில்லை. நிமிர்த்தியே ஒட்டினார். அந்தத் திருமுகத்தைப் பார்த்துக்கொண்டே செதுக்கியவருக்குத் தொழில்முறை அடியோடு மறந்து போயிற்று. பித்தென்றால் அப்படியொரு பித்து.

திருவிழாவுக்கு முதல்நாள் தாளை வைத்துத் தேய்த்து எடுத்தார். சுவாமி வலக்காலைத் தூக்கி நின்றார்!

தர்மகர்த்தா மகாதேவம் பிள்ளை அந்தப் படத்தை மண்டபத்தில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். கூட்டம் சிரித்தது.

“மதுரையில கால் மாறி ஆடினாருன்னா, கேட்டது பாண்டிய ராஜா. ஒனக்காகவும் மாறுவாருன்னு நெனச்சியா ஆசாரி?”

“நான் ஒண்ணும் கேக்கலீங்க. அவரைக் குப்புறப் போட மனசு வரலீங்க, அவ்வளவுதான்.”

இனிக் கோயில் வேலை அவருக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார் பிள்ளை. அதுகூட வைரவனாருக்குப் பெரிதாகப் படவில்லை. விடிவதற்குள் வேறு கட்டை செதுக்க முடியாது. படுக்கையில் கிடப்பவர்கள் தம்மால் ஏமாறுவார்களே என்பதுதான் அவரைப் போட்டு அரித்தது. ஆனாலும் பெருமான்மேல் ஒரு சொல் குறைபட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் வழக்கம்போலப் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

திரை விலகியது. தூக்கிய திருவடியில் பூச்சாத்தக் குருக்கள் கை நீட்டினார். பழகிய கை தானாகப் போன இடத்தில் திருவடி இல்லை; பூ கீழே விழுந்தது. நிமிர்ந்து பார்த்தவர் ஆடிப்போனார். பெருமான் இடக்காலை ஊன்றி, வலக்காலைத் தூக்கி நின்றார்.

மகாதேவம் பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினார். மேல்துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது.

“ஆசாரியாரே, அந்தக் கட்டைய எடுத்து மை போடுங்க. படத்துக்கு அத்தனை பேர் காத்துக் கிடக்காங்க.”

அரசன் கேட்டு மாறிய கால், எதையுமே கேளாத ஒருவருக்காகவும் மாறியது. வைரவனாரின் அந்தக் காய்ப்பேறிய கைக்கு ஒரு கும்பிடு போடாமல் இந்தக் கதையை எப்படி முடிப்பது?