தளர்ந்து கிடந்த கம்பி

பாளையங்கோட்டையில் பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கும் ஹெப்சிபாளை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் தொழில் படிக்க வந்த ஞானதிரவியமும் அப்படித்தான் கூப்பிட்டார். குருவுக்கு நாற்பது வயது. சீடரோ பேரன் பேத்தி எடுத்தவர். இந்த வயதில் இந்த ஆளுக்கு ஏன் இந்த வேலை என்று தெருவே சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் வியாகப்பன் ஒரு சைடு டிரம்மைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். மாதா கோயில் பேண்டில் காலமெல்லாம் வாசித்தவர்.

“பழைய சாமான் சேக்குற ஒருத்தர் கேக்காரு, மாஸ்டர். என்ன பெறும்னு பாத்துச் சொல்லுங்க. வித்துரலாம்னு இருக்கேன்.”

“நீங்க வாசிக்கலையா?”

“தம்பி போன பொறவு வாசிக்கல.”

தம்பி அதே பேண்டில் பெரிய டிரம் அடித்தவர். வியாகப்பன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாகச் சொல்லிவிட்டு, டிரம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

ஞானதிரவியம் வேலையில் இறங்கினார். மேலே பூசியிருந்த நீலப் பெயின்டை ஓரத்தில் மெல்லச் சுரண்டினால் உள்ளே பித்தளை. பித்தளையில் தேய்ந்துபோன ஒரு கிரீடம். கீழே ஏதோ பட்டாளத்தின் எண். தகட்டை மடக்கிக் கையால் பற்றுவைத்த மூட்டு. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“மாஸ்டர், இது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்!”

“ஆமா அண்ணாச்சி. நல்ல விலை போகும்.”

“ஒரே ஒரு பழுதுதான். கம்பி ஏற மாட்டேங்குது.”

சைடு டிரம்முக்கு இரண்டு முகம். மேல்தோலை அடித்தால் அடித்தோலை ஒட்டிக் கிடக்கும் கம்பிச் சரம் சலசலக்கும். அந்தச் சலசலப்புதான் அந்த வாத்தியத்துக்கு உயிர். கம்பியை ஏற்றி இறக்கப் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை உண்டு. இதில் அந்த விசை துருப்பிடித்து இறுகி, கம்பி தளர்ந்து தொங்கியது.

மண்ணெண்ணெய் விட்டு, ஊறவைத்து, துணியால் துடைத்து, மறுபடி விட்டு, ஒருவழியாக விசையை அசைத்துவிட்டார். கம்பி மேலேறித் தோலைத் தொட்டது. குச்சியால் தட்டினார். சரசரவென்று பேசியது டிரம். ஞானதிரவியத்துக்கு வாயெல்லாம் பல்.

உள்ளே இருந்து ஹெப்சிபாள் வந்தாள். டிரம்மை மடியில் வாங்கிக்கொண்டாள்.

“பேண்டுக்காரங்க கம்பியை எப்பத் தளத்துவாங்க, அண்ணாச்சி?”

“சாவுக்கு வாசிக்கையில. சத்தம் அமந்து வரணும்லா?”

“திரும்ப எப்ப ஏத்துவாங்க?”

“அடக்கம் முடிஞ்சு கல்லறை வாசல் தாண்டுனதும் ஏத்திருவாங்க. தளந்த கம்பியோட யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க.”

அவள் கட்டைவிரலால் விசையைக் கீழே தள்ளினாள். கம்பி பழையபடி தளர்ந்து தொங்கியது.

ஞானதிரவியத்துக்குச் சுருக்கென்றது. பாடுபட்டுச் செய்த வேலை ஆயிற்றே.

“நல்லா இருக்குறத ஏன் கெடுக்குதீங்க, மாஸ்டர்? இப்படிக் குடுத்தா வேலை தெரியாதவங்கன்னுல்லா நினைப்பாரு?”

அவள் டிரம்மைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வியாகப்பன் வந்தார். ஹெப்சிபாள் டிரம்மை அவர் கையில் கொடுத்தாள்.

“தட்டிப் பாருங்க.”

அவர் தயங்கி, விரலால் தட்டினார். தொம்மென்று அடங்கிய ஒலி. அவர் முகம் கலங்கிப்போனது.

“இந்தச் சத்தந்தான். தம்பி அடக்கத்துக்கு நானே வாசிக்கேன், வேற ஆளு வேண்டாம்னுட்டேன். வரும்போது கம்பிய ஏத்தாமலே...”

பழக்க தோஷத்தில் கட்டைவிரல் தானாக விசைக்குப் போனது.

“இது நகராதே.”

“நகரும்.”

வியாகப்பன் அவளைப் பார்த்தார். விசையைப் பார்த்தார். வெகுநேரம் விரலை அதன்மேலேயே வைத்திருந்தார். ஞானதிரவியம் எழுந்து உதவப் போனார். ஹெப்சிபாள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கம்பி ஏறியது. வியாகப்பன் அடிக்கவில்லை. டிரம்மை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். அது சலசலத்தது. அவர் இன்னொரு முறை தட்டினார்.

“விலை என்ன பெறும்னு கேட்டீங்களே?” என்றார் ஞானதிரவியம்.

“அந்த ஆளுகிட்ட நான் பேசிக்கிடுதேன் அண்ணாச்சி. வாரேன் மாஸ்டர்.”

டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். போர்வை கடையிலேயே கிடந்தது.

ஞானதிரவியத்துக்கு மனசு ஆறவில்லை.

“நான் ஏத்துனதும் அதே கம்பிதான். அவரு ஏத்துனதும் அதே கம்பிதான். இதுல என்ன வித்தியாசம், மாஸ்டர்?”

ஹெப்சிபாள் போர்வையை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள்:

“இத்தனை நாளும் அவரு கல்லறை வாசல்லயே நின்னுட்டாரு, அண்ணாச்சி. அவருக்குப் பதிலா நீங்க வீட்டுக்கு நடக்க முடியுமா?”