இன்னொரு கரண்டி கீரை

செய்யாற்றுப் பக்கம் ஒரு மடம். பெரிய மடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஓட்டுக் கட்டடம், பின்னால் கீரைப் பாத்தி, அவ்வளவுதான். சமையல் பொறுப்பு தாண்டவராயருடையது. சீடரான அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, மடத்துக் குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அங்கே அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

அமாவாசைதோறும் ஊருக்குச் சாப்பாடு. தாண்டவராயர் கரண்டியும் கையுமாகப் பந்தியில் நடந்துகொண்டே பேசுவார். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! முருங்கைக்கீரை, மஞ்சள், பூண்டு, கேழ்வரகு என்று அடுக்குவார்.

"இதைத் தின்னுங்க. கேன்சர் உங்க தெருப் பக்கமே எட்டிப் பார்க்காது."

சனம் வாயைப் பிளந்து கேட்கும். அதில் பூங்காவனமும் ஒருத்தி. இட்லிக்கடை வைத்துப் பிழைக்கிறவள். அந்தப் பேச்சைக் கேட்டு, மீன், கறி என்று கவுச்சியை அன்றோடு தலைமுழுகினாள்.

ஒரு நாள் காலை தாண்டவராயர் அரக்கப்பரக்க ஓடிவந்தார். குரு முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, பூங்காவனத்தம்மாவுக்குக் கேன்சராம். மார்புல. முத்திப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

குருவின் கை நின்றது.

"அவங்களைப் போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தான் வர்றேன். 'நான் எதைத் தின்னாம விட்டேன் ஐயா?'ன்னு கேட்டாங்க சாமி. திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். ஊரு வேற, கமுக்கமாக் கவுச்சி தின்னிருப்பான்னு பேசுதாம்."

"முன்னாடியே உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

இந்தக் கேள்வி வந்துவிடக்கூடாதே என்றுதான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார் மனுஷன்.

"போன வருஷம், பந்தியில. பக்கத்து இலைக்குக் கேட்காம சொன்னாங்க. மார்ல ஒரு கட்டி, வலியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமான்னு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"இன்னொரு கரண்டி கீரை வச்சேன்."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி நான்! அன்னைக்கே போகச் சொல்லியிருக்கணும் சாமி." முறத்தை வெடுக்கென்று பிடுங்கினார். "இனிமே இந்த மடத்துல கீரையே வேணாம். பாத்தியை அழிச்சிடறேன்."

குரு முறத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க. ஆயுங்க."

இருவரும் ஆய்ந்தார்கள். அன்று குருவே அந்தக் கீரையைச் சமைத்தார். சீடருக்குப் பரிமாறிவிட்டுத் தானும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"இது பொய்யா?"

"இல்ல சாமி. நல்லதுதான். அந்த நோய் வர்ற வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கலாம்னு படிச்சவங்களும் சொல்றாங்க."

"அப்படியே சொல்லியிருக்கலாமே?"

"குறைக்கலாம்னு சொன்னா யாரு காது குடுப்பாங்க? வரவே வராதுன்னு சொன்னேன், இலையில மிச்சம் வைக்காம தின்னாங்க. எனக்கும் அது பிடிச்சிருந்தது."

குரு கையைக் கழுவினார்.

"முதல்ல அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க."

தாண்டவராயர் போனார். பொழுது சாயும்போது திரும்பினார். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"'நீங்க எதையும் விடலம்மா, போகச் சொல்லாம விட்டவன் நான்தான்'னு சொன்னேன்."

"அவங்க?"

"ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம், 'அப்படின்னா என் மேல தப்பில்லதானே ஐயா?'ன்னு கேட்டாங்க."

குரு ஒரு சொம்புத் தண்ணீரை அவரிடம் நீட்டினார்.

"நாளைக்கு அமாவாசை சாமி. பந்தியில வேற யாரையாவது பேசச் சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

"நீங்கதான் பேசணும்."

"நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"கீரை நல்லது, தின்னுங்கன்னு சொல்லுங்க."

தாண்டவராயர் நிமிர்ந்து பார்த்தார்.

"பூங்காவனத்தம்மாவும் விடாம தின்னாங்கன்னு சொல்லுங்க."