சுவர் ஏறினா இருமுற வண்டி

ஒரு ஊர்ல ஒரு கிணறு இருந்துச்சு. ஒரு ஊர்லன்னு சொல்லப்படாது, அது ஊர் ஊராப் போற கிணறு. தண்ணி கிடையாது, தவளை கிடையாது. மரப்பலகையை வட்டமா நிக்க வச்சு, போல்ட்டுப் போட்டு முறுக்கி, ரெண்டு மாடி உசரத்துக்குக் கட்டின கிணறு. எங்க திருவிழாவோ அங்க லாரியில ஏறிப் போயிரும். ஜனமெல்லாம் படி ஏறி, மேல விளிம்புல நின்னு உள்ள எட்டிப் பாக்கும். உள்ள ஒரு பொண்ணு மோட்டார் சைக்கிள் ஓட்டுவா. தரையில இல்ல கண்ணு, சுவத்துல! பல்லி ஓடுற மாதிரி வட்டம் வட்டமா, டுபுடுபுடுபுடுபுன்னு. அதுக்குப் பேரு மரணக் கிணறு. பேரைக் கேட்டுட்டுப் போர்வைக்குள்ள போகாத. இந்தக் கதையில யாரும் சாகல. ம் சொல்லு.

"ம்."

அந்தப் பொண்ணு பேரு சகாயராணி. வண்டியை ரிப்பேர் பாக்குறது அவ புருஷன் ஜெபஸ்தியான். ஆள் ஓமக்குச்சி மாதிரி இருப்பான், ஆனா கையில ஸ்பேனர் வந்துட்டா சாப்பாட்டையே மறந்துருவான். அப்புறம் வெளிய மைக்குல கூப்பிடுறதுக்கு பக்ருதீன் பாய்னு ஒருத்தர். அவர் நடந்தா படி எல்லாம் கிறீச் கிறீச்னு கத்தும், அவ்வளவு பெரிய உடம்பு. "வாங்க வாங்க! பூமியில நடக்கிறவங்களே, சுவத்துல பறக்கிறவளைப் பாருங்க!"ன்னு அவர் கூவினா ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும்.

வண்டிக்கும் ஒரு பேரு இருந்துச்சு. கிழவன். ஜெபஸ்தியானோட அப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே செஞ்ச வண்டி அது. சீட்டுக்கு அடியில ரெண்டு பெரிய ஸ்பிரிங்கு, கட்டில் ஸ்பிரிங்கு மாதிரி. உதைச்சா ஒரே உதையில, டுப்… டுப்… டுபுடுபுன்னு எழுந்துக்குவான்.

அப்போ ஒரு ஊர்த் திருவிழாவோட கடைசி நாள். காலைல பதினோரு மணி ஆட்டம். ராணி ஏறினா. முதல் சுத்து. ரெண்டாவது சுத்து. மூணாவது சுத்துல, விளிம்புக்குப் பக்கத்துல போறப்போ…

டுபுடுபுடுபு… க்கும்!

"என்னது?"

இருமல். கிழவன் இருமிட்டான். ஒரு நொடி சத்தமே இல்ல. சுவத்துல வேகம் குறைஞ்சா என்ன ஆகும்? கீழ வந்துரும்ல? ராணி சட்டுன்னு ஹேண்டிலைச் சாய்ச்சு, சர்ர்ருனு வழுக்குற மாதிரி தரைக்கு வந்துட்டா. ஜனத்துக்கு ஒண்ணும் புரியல, வித்தைன்னு நெனச்சு ஓ…ன்னு கை தட்டுச்சு. ராணி வண்டியைத் தள்ளிக்கிட்டு ஜெபஸ்தியான்கிட்ட போனா.

"ஏங்க, கிழவன் இருமுறான்"னா.

"இரு, பாத்துருவோம்"னான் ஜெபஸ்தியான். பிளக்கைக் கழட்டினான். பிளக்குன்னா இன்ஜினுக்குள்ள நெருப்புப் பொறி போடுற சின்னச் சாமான். அது அடுப்புக்கரி மாதிரி கறுப்பா இருந்துச்சு. "பாத்தியா! இதான்!"னு உப்புத்தாளை எடுத்து சரக் சரக்குன்னு தேச்சு, பளபளன்னு ஆக்கி, திரும்ப மாட்டினான். உதைச்சான். டுபுடுபுடுபு! தரையில பத்து ரவுண்டு. கல்லு மாதிரி நின்னு ஓடுச்சு. "இப்ப ஏறு."

கிணத்துல யாரும் இல்ல. ராணி ஏறினா. ஒண்ணு. ரெண்டு. மூணு…

க்கும்!

சர்ர்ருனு கீழ.

அப்போ ஜெபஸ்தியான் தலையைச் சொறிஞ்சான். "நெருப்பு சரியா இருக்கு. அப்போ பெட்ரோல் வரல." இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுற கார்பரேட்டரை அவுத்து, அதுல இருந்த பெட்ரோலை ஒரு வெள்ளைக் கிண்ணத்துல ஊத்தினான். பெட்ரோலுக்கு அடியில, முத்து முத்தா, மூணு சொட்டுத் தண்ணி உருண்டுக்கிட்டு இருந்துச்சு. "அடப்பாவி! தண்ணி குடிச்சா இருமாம என்ன செய்வான்?" டாங்கைக் கவுத்துக் காலி பண்ணி, புதுப் பெட்ரோல் ஊத்தி, சின்ன ஓட்டை ஒவ்வொண்ணையும் ஊ…ஊ…ன்னு ஊதினான். மூஞ்சியெல்லாம் பெட்ரோல் வாடை. உதைச்சான். டுபுடுபுடுபு! முன்னைவிட ஜோரா ஓடுச்சு. "இப்ப சத்தியமா ஓடும், ஏறு."

ராணி ஏறினா. ஒண்ணு. ரெண்டு…

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

ரெண்டாவது சுத்துலேயே க்கும்… க்கும்… க்கும்! மூணு தடவை. இந்தத் தடவை டயர் கிறீச்னு வழுக்கி, பாதிச் சுவர் சறுக்கி, கீழ, சுவருக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற சாய்வுப் பலகையில தடால்னு வந்து நின்னா. முட்டியில தோல் உரிஞ்சு போச்சு. ஜெபஸ்தியான் ஓடி வந்து வண்டியைப் பாக்கல, அவளைத்தான் பாத்தான்.

"போதும் ராணி. இன்னைக்கு ஆட்டம் வேண்டாம். பாய்கிட்ட சொல்லிருவோம்."

 ராணி டீ கிளாஸைக் கையில எடுத்தா.  குடிக்காமலே கீழ வச்சிட்டா.

"இன்னைக்கு ஏறாம விட்டா நான் இனிமே ஏற மாட்டேங்க"ன்னா மெதுவா. "எனக்குத் தெரியும்."

 வெளிய ராட்டினம் கிர்ர்ருனு சுத்துது, பலூன்காரன் பீப்பீ ஊதுறான். ராணி கிழவனையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்போ ஒரு கேள்வி கேட்டா.

"ஏங்க, தரையில எத்தனை ரவுண்டு ஓட்டினாலும் இவன் இருமல. சுவத்துல ஏறினாத்தான் இருமுறான். தரையில இல்லாத எது சுவத்துல இருக்கு?"

"சாய்வு"ன்னான் அவன். உடனே வண்டியை அப்படியே படுக்கப் போடுற மாதிரி சாய்ச்சு ஓட விட்டுப் பாத்தான். டுபுடுபுடுபு. இருமல.

"வேகம்"னான். நிக்க வச்சே முறுக்கு முறுக்குன்னு முறுக்கினான். ட்ர்ர்ர்ர்! காது கிழிஞ்சுது. இருமல.

அப்போ ராணி கண்ணை மூடி, தான் சுவத்துல போறதா நெனச்சுப் பாத்தா. கை எப்படி இருக்கும்? கனக்கும். தலை? கழுத்து மேல ரெண்டு பூசணிக்காய் வச்ச மாதிரி இருக்கும். வேகமாச் சுத்துறப்போ ஆளைச் சுவத்தோட சேத்து அப்படி அமுக்கும். சட்டுன்னு எந்திரிச்சா.

"பாரம்ங்க! தரையில நான் ஒரு ஆளு. சுவத்துல நான் மூணு ஆளு கனம்! நீங்க கூப்பிடுங்க பாயை!"

பாய் மைக்கை விட்டுட்டு வந்தாரு. படி கிறீச் கிறீச்.

"பாய், உங்க எடை எவ்வளவு?"

"அதெல்லாம் கேக்கப்படாது தங்கச்சி."

"சரி கேக்கல. வண்டியில உக்காருங்க."

வண்டியை ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஓட விட்டாங்க. பாய் உக்காந்தாரு. ஸ்பிரிங்கு ஙொய்ங்னு இறங்குச்சு. டுபுடுபுடுபு. ஒண்ணும் இல்ல. ராணி அவர் தோளைப் பிடிச்சு அமுக்கினா. ஒண்ணும் இல்ல.

"எகிறி உக்காருங்க பாய்."

"என்னை என்ன குரங்குன்னு நெனச்சியா?"

"பாய்!"

பாய் எந்திரிச்சு, கண்ணை மூடிக்கிட்டு, தொம்னு உக்காந்தாரு.

க்கும்!

ஜெபஸ்தியான் துள்ளிக் குதிச்சான். "இருமிட்டான்! இன்னொரு தடவை பாய்!" தொம். க்கும்! தொம். க்கும்! ராணி சிரிக்கிறா, பாய்க்கு மூச்சு வாங்குது. ஆனா எங்க கோளாறுன்னு கண்ணுக்குத் தெரியல. நல்ல வெயில். அப்போ ஜெபஸ்தியான் ஒரு தார்ப்பாயை இழுத்து வண்டி, பாய் எல்லாத்தையும் மூடி, தானும் உள்ள போய்க் குனிஞ்சு படுத்துக்கிட்டான். உள்ள கும்மிருட்டு, புகை.

"சீக்கிரம் மாப்ள, மூச்சு முட்டுது!"

"ஒரே ஒரு தடவை பாய்."

தொம்.

சட்! இருட்டுல நீலமா ஒரு பொறி, மின்மினிப்பூச்சி மாதிரி. சீட்டு ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல!

தார்ப்பாயைத் தூக்கி எறிஞ்சான். பாத்தா, பிளக்குக்கு நெருப்பு கொண்டு போற வயரு சீட்டுக்கு அடியில போகுது. ஸ்பிரிங்கு உரசி உரசி, மேல ரப்பர் தேஞ்சு, உள்ள கம்பி எட்டிப் பாக்குது. பாரம் ஏறினா ஸ்பிரிங்கு இறங்கி அந்தக் கம்பியைத் தொடும். தொட்டதும் நெருப்பு பிளக்குக்குப் போகாம ஸ்பிரிங்குக்குத் தாவிடும். இன்ஜின் க்கும்! இவ்வளவுதான். வண்டி கெடவே இல்ல கண்ணு, ஒரு வெண்டைக்காய் நீளம் வயரு தேஞ்சு போச்சு.

"ம்."

ஜெபஸ்தியான் புது வயரு போட்டான். அதுக்கு மேல சைக்கிள் டியூபை வெட்டிச் சட்டை மாட்டினான். ஸ்பிரிங்கு பக்கமே வராம தள்ளிக் கட்டினான். பாயைக் கூப்பிட்டான். "மறுபடியுமா!"ன்னு பாய் அலறினாரு. தொம், தொம், தொம். டுபுடுபுடுபு. இருமல் இல்ல, தும்மல் கூட இல்ல.

அஞ்சு மணி ஆட்டத்துக்கு விளிம்பு பூரா தலை. ராணி சிலுவை போட்டுக்கிட்டு ஏறினா. ஒண்ணு. ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சா. ரெண்டு. பல்லைக் கடிச்சுக்கிட்டா. மூணு… டுபுடுபுடுபு. நாலு! டுபுடுபுடுபு! அஞ்சாவது சுத்துல மேல இருந்து ஒரு ஆத்தா கரும்புத் துண்டு ஒண்ணை நீட்டிச்சு. ராணி விளிம்பு வரைக்கும் ஏறி, லபக்னு பிடிச்சு, சுவத்துல போய்க்கிட்டே ஒரு கடி கடிச்சா. ஓஓஓன்னு ஊரே கத்துச்சு.

ஆட்டம் முடிஞ்சு ஜனம் கலைஞ்சுது. ஜெபஸ்தியான் துணியை எடுத்து வண்டியைத் துடைக்க வந்தான். ராணி இறங்கல.

"ஏங்க, பின்னால ஏறுங்க."

"நானா?"

பன்னெண்டு வருஷமா அந்த வண்டியை ரிப்பேர் பாக்குறான், ஒரு தடவை கூட சுவத்துல ஏறினதில்ல. வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே ஏறி, அவ இடுப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்தான். டுபுடுபுடுபு. முதல் சுத்துல, "ஐயோ மாதாவே!" ரெண்டாவது சுத்துல சத்தமே இல்ல. மூணாவது சுத்துல ஒரு கண்ணைத் திறந்தான். நாலாவது சுத்துல சிரிச்சான்.

சர்ர்ருனு கீழ வந்தாங்க. 

"எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா ராணி.

 ஜெபஸ்தியான் நேராப் போய் ஸ்பேனரை எடுத்தான். வந்து உக்காந்து, வண்டியில இருக்கிற அத்தனை நட்டையும், ஒண்ணு விடாம, இன்னொரு தடவை முறுக்க ஆரம்பிச்சான்.

அவன் முறுக்கட்டும். கடைசி நட்டு இறுகிருச்சு, கதையும் இறுகிருச்சு. இனி உன் கண்ணு ரெண்டையும் நீ மூடு. தூங்கு.