பூனைக்காலிக்குச் சுணை வந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிக்கும் ஆடுமாட்டுக்கும் வாய் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். மலையடிவாரத்து வேலிகளில் படர்ந்து கிடந்த ஒரு கொடியும் அப்படித்தான். அதற்கு அப்போது பூனைக்காலி என்ற பெயர் கிடையாது. காய்கள் வழவழவென்று, தொட்டால் பச்சைப்பிள்ளையின் கன்னம் மாதிரி இருக்கும்.

அந்தக் காய்க்குள் இருந்த விதைதான் பிள்ளையில்லாத ஆண்களுக்கு மருந்து. பாலில் வேகவைத்து, தோலுரித்து, காயவைத்து இடித்து, ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும். இதற்குக் கொடி தட்சிணை எதுவும் கேட்டதில்லை. மருந்து யாருக்கோ அவனே வந்து, "எனக்கு வேண்டும்" என்று தன் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒன்றைத்தான் ஊரில் ஒருவனும் செய்யவில்லை. எல்லாரும் பெண்டாட்டியை அனுப்பினார்கள்.

அப்படிப் போய்ப் போய்க் கால் தேய்ந்தவள் பூவாயி. சடையனுக்கு வாக்கப்பட்டு ஏழு வருஷம். மாமியார் காத்தாயி கொடுத்த மலைவேம்புச் சாறு, கழற்சிக்காய், இன்னும் பெயர் தெரியாத கஷாயம் எல்லாம் குடித்து அவள் நாக்கே செத்துப்போயிருந்தது. அத்தனையும் அவளுக்குத்தான். சடையன் வாயில் ஒரு சொட்டுக் கசப்பு பட்டதில்லை. இந்த நிலையில், தை பிறந்ததும் மகனுக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணைக் கட்டிவைக்கப்போவதாகக் காத்தாயி சொல்லிவிட்டாள். பூவாயி விரும்பினால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு மூலையில் இருந்துகொள்ளலாமாம்.

பூவாயி மறுபடியும் கொடியிடம் ஓடினாள்.

"அவனைக் கூட்டிக்கிட்டு வான்னு எத்தனை தடவை சொல்றது?" என்றது கொடி. அதற்கும் அலுத்துப்போயிருந்தது.

"புலி குகைக்குள்ள போகச் சொன்னா போயிடுவாரு. இங்க வரமாட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்போ எனக்கும் ஒண்ணும் பண்ண முடியாது, பொண்ணே."

வீட்டுக்கு வந்து சடையனிடம் சொன்னாள். வழக்கம்போல அவன் மீசையைத் தடவினான். ஊர் இளவட்டக்கல்லை ஒற்றை மூச்சில் தூக்குகிறவனுக்கு என்ன குறை இருக்க முடியும் என்று கேட்டான். கல்லைத் தூக்கினால் பிள்ளை பிறக்கும் என்று எந்தப் புத்திசாலி சொன்னானோ தெரியவில்லை. பூவாயிக்கு அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

"சரி மாமா, ரெண்டாவது ஒருத்தி வரட்டும். அவளுக்கும் ஏழு வருஷம் பிள்ளை இல்லேன்னு வையுங்க, அப்போ ஊரு யாரைப் பார்த்துச் சிரிக்கும்?"

சடையன் அன்று சோறு சரியாகத் தின்னவில்லை. மறுநாள் காலை, மேய்ச்சலுக்குப் போகிறேன் என்று செவலைக் காளையை ஓட்டிக்கொண்டு மலைப் பக்கம் கிளம்பினான். விறகு பொறுக்கும் சாக்கில் பூவாயி பின்னாலேயே போனாள்.

கொடியின் முன்னால் நின்றவன் நாலு தடவை தொண்டையைச் செருமினான். அப்புறம், காளைக்குக் கொஞ்சம் மருந்து வேண்டும் என்றான். புதருக்குப் பின்னால் நின்ற பூவாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

கொடி காளையைப் பார்த்தது. "உனக்கா?"

காளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு எதுக்கு? இந்த ஊர்ல துள்ளுற கன்னுக்குட்டியில பாதி என்னோடது. இவன் மானம் போகாம இருக்க என் மானத்தை எதுக்கு வாங்குறான்?"

சடையனுக்கு முகம் கறுத்தது. அப்போதும் "எனக்குத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாய்ந்து இரண்டு கையாலும் காய்களை உருவினான். உருவியதை இடுப்பு வேட்டிக்குள் திணித்தான். திணிக்கிற அவசரத்தில் கொடி நிழலில் தூங்கிக்கொண்டிருந்த காட்டுப்பூனையின் காலையும் மிதித்துவிட்டான்.

"இத்தனை வருஷமா ஒரே ஒரு வார்த்தை கேட்டேன்," என்றது கொடி. "பூனையே, உன் கால் ரோமத்தைக் கொஞ்சம் கொடு."

மிதிபட்ட பூனை காலை உதறியது. பழுப்பு ரோமம் பறந்து போய்க் கொடியில் இருந்த காய், சடையன் மடியில் இருந்த காய் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. அந்த ஒவ்வொரு மயிரிலும் கொடி தன் அத்தனை வருஷத்து ஆத்திரத்தையும் இறக்கியது.

ஊர் எல்லை வருவதற்குள் சடையனுக்கு அரிப்பு ஆரம்பித்தது. இடுப்பைச் சொறிந்தான், தொடையைச் சொறிந்தான். காய்களை வீசி எறிந்துவிட்டு ஓடிக் குளத்தில் விழுந்தான். தண்ணீர் பட்டதும் அரிப்பு இரண்டு மடங்கானது. குளக்கரையில் துணி துவைத்தவர்கள், குடம் நிரப்பியவர்கள், எருமை குளிப்பாட்டியவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். காத்தாயியும் பதறியடித்து வந்து, என் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

பூவாயி அரிப்பை அடக்கப் பசுஞ்சாணியைக் குழைத்துக்கொண்டு வந்தாள். அவனைக் கரையில் உட்காரவைத்து இடுப்பில் ஒரு கை அப்பினாள். அப்புறம் நிறுத்தினாள்.

"உங்க அம்மா கேக்குறாங்க. சொல்லுங்க மாமா."

சடையன் நெளிந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மருந்துக்குப் போனேன்மா," என்றான். "எனக்குத்தான். குறை எங்கிட்டதான் இருக்குன்னு நினைக்கிறேன். இவளை ஒண்ணும் சொல்லாதே."

பூவாயி மீதிச் சாணியை அப்பினாள். காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இரண்டாவது பெண் பேச்சை அதற்கப்புறம் அவள் எடுக்கவே இல்லை. கரையில் நின்ற ஆண்களில் நாலைந்து பேர் மட்டும் சிரிக்கவில்லை. மலைப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் சடையன் கொடியிடம் போய், "எனக்குத்தான் வேண்டும்" என்று தன் வாயாலேயே கேட்டு விதை வாங்கி வந்தான். கொடி சொன்ன வார்த்தை தவறவில்லை. அடுத்த வருஷம் பூவாயிக்குப் பெண் பிறந்தது. ஆனால் இரவல் வாங்கிய ரோமத்தைக் கொடி பூனைக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அன்று முதல்தான் பூனைக்காலிக் காய் உடம்பெல்லாம் சுணை என்கிற அந்த அரிப்பு ரோமத்தோடு தொங்குகிறது. அதைப் பறிக்கப் போன எந்த ஆண்பிள்ளையும் ஊருக்குத் தெரியாமல் வீடு வந்து சேர முடிவதில்லை.