மைக்கில் சொன்ன பெனால்டி

தான் காசு போட்டு வாங்கிய கோப்பை வேறு பள்ளிக்கூடத்துக்குப் போவதைத் தாளாளர் செல்வநாயகத்தால் தாங்க முடியாது. அவருடைய பள்ளியின் கால்பந்து அணிக்குக் கோலி, அவர் மகள் ரெனிஷா. இறுதி ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, கடைசி நிமிடத்தில் கடற்கரை அரசுப் பள்ளிக்குப் பெனால்டி கிடைத்தது. தாளாளர் மைக்கைப் பிடுங்கினார்.

“இந்த நிமிஷத்துல இருந்து புது விதி. பெனால்டி அடிக்கிறவங்க எங்க அடிக்கப்போறோம்னு முதல்லயே மைக்ல சொல்லணும். வேற இடத்துக்கு அடிச்சா கோல் செல்லாது.”

நடுவர் சரியென்று தலையாட்டினார். மதியச் சாப்பாடு தாளாளர் வீட்டில்தான்.

அடிக்க வந்தவள் டெல்பின், மீன்காரர் மகள். முதல் பாதியில் அவள் அடித்த அடியில் கோல் கம்பம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மைக்கை வாங்கி நிதானமாகச் சொன்னாள்: “நேரா கோலி மூக்குக்கு.”

ரெனிஷா அந்தக் கம்பத்தை ஒரு தடவை பார்த்தாள். டெல்பின் ஓடி வந்ததுமே முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பந்து அவள் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் நடுவருக்கே தைரியம் வந்து, கோல் கொடுத்துவிட்டார்.

“செல்லாது,” என்றார் தாளாளர். “மூக்குல படவே இல்லையே.”

“சொன்ன இடத்துக்குத்தான் அடிச்சேன் சார்,” என்றாள் டெல்பின். “மூக்குதான் அங்க இல்ல.”