தன் குரலை மட்டும் நம்பிய மான்

மூங்கில் காட்டுக் குட்டைக்குத் தினமும் புள்ளிமான்கள் தண்ணீர் குடிக்க வரும். அங்கே ஒரு முறை உண்டு. பாதி மான்கள் குனிந்து குடிக்கும். மீதி மான்கள் தலை நிமிர்ந்து காவல் பார்க்கும். பிறகு மாற்றிக்கொள்ளும். மரத்து மேலே மந்திகள் வேறு. சிறுத்தையின் காது நுனி தெரிந்தால் போதும், கத்திக் காட்டையே கலக்கிவிடும்!

அந்தக் கூட்டத்தில் கொம்பையன் என்றோர் ஆண்மான் இருந்தான். பெரிய கொம்பு. அதைவிடப் பெரிய யோசனைகள்.

காட்டு ரோட்டில் ஜீப்பில் வரும் மனிதர்களை அவன் மூன்று வருஷமாகக் கவனித்து வந்தான். “படம் எடுக்கும்போது தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். எடுத்து முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மனித சுபாவமே இதுதான்! நம் சுபாவம் மட்டும் வேறா?” என்று பெருமூச்சு விடுவான்.

குட்டையோரம் ஒரு கரிச்சான் குருவியும் இருந்தது. எந்தக் குரலையும் அப்படியே பேசிக் காட்டும். மயிலாக அகவும், ஜீப்பாக உறுமும். ஒரு நாள் அது மந்தியின் குரலில், “சிறுத்தை! சிறுத்தை!” என்று கத்தியது. மான்கள் தலைதெறிக்க ஓடின. மிதிபட்ட புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பின. கரிச்சானுக்கு வயிறு நிறைந்தது!

கொம்பையனுக்கோ உடம்பெல்லாம் சேறு.

“பார்த்தாயா வெள்ளச்சி? குருவி பூச்சிக்காகக் கத்துகிறது. மந்தி தன் குட்டிக்காகக் கத்துகிறது. நீ காவல் நிற்பதும் உன் முறையில் நிம்மதியாகக் குடிக்கத்தான்! யாரும் யாருக்காகவும் இல்லை. அறிவுள்ளவனுக்குத் தனிமையே நல்லது!”

பெண்மான் வெள்ளச்சி காதை ஆட்டினாள். “இருக்கட்டுமே! அதனால் தண்ணீர் கசக்கிறதா?”

“இனி யார் கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்!”

“போய்யா! கொம்பு வளர்ந்த வேகத்தில் மூளைக்கு இடம் போதவில்லை போலிருக்கு!”

அவன் போயே விட்டான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சுனை. அங்கே தண்ணீரில் தெரிந்த தன் முகத்திடம், “எல்லாம் வீண்” என்பான். அது மறுத்துப் பேசவில்லை. கொம்பையனுக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கரிச்சான் சும்மா இருக்குமா? தினமும் ஒளிந்திருந்து கேட்டது. குட்டைக்குத் திரும்பி, கொம்பையன் குரலிலேயே, “ஹும்ம்ம்... எல்லாம் வீண்!” என்றது. மான்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

நான்காம் நாள். கொம்பையன் குனிந்து குடித்துக்கொண்டிருந்தான். பின்னால் கோரைப்புல் அசைந்தது. புல்லுக்குள் சிறுத்தை! கரிச்சான் கிளையிலிருந்து பார்த்துவிட்டது.

“கொம்பண்ணே! சிறுத்தை!”

“ஏன், பூச்சி கிடைக்கலையா?” கொம்பையன் தலையைத் தூக்கவில்லை.

கரிச்சான் மந்தியாகக் கத்தியது.

“உன் குட்டியை நீ பார்த்துக்கொள்!”

வெள்ளச்சியாகக் கத்தியது. “யோவ், ஓடுய்யா!”

“இவ்வளவு தூரம் வந்துமா நச்சரிக்கிறாள்!”

சிறுத்தை பின்னங்கால்களை மடக்கியது. அன்று சொன்ன பொய்யால் இன்று கரிச்சானின் உண்மையும் எடுபடவில்லை. இன்னும் ஒரே ஒரு குரல்தான் மிச்சம். கரிச்சான் நீளமாகப் பெருமூச்சு விட்டது. “ஹும்ம்ம்... ஆழ்ந்து யோசித்ததில், கொம்பையா, இப்போது ஓடுவதே அறிவு!”

“அடடா! என்ன தெளிவான சிந்தனை!” என்று பாய்ந்தான் கொம்பையன். சிறுத்தைக்குக் கிடைத்தது வால் மயிர் நாலுதான். குறி தப்பிய சிறுத்தை தொப்பென்று சுனையில் விழுந்தது!

ஓடிய ஓட்டத்தில் அவன் குட்டைக்கே வந்து சேர்ந்தான். கரிச்சான் அவன் முதுகில் வந்து உட்கார்ந்தது.

“அது... என் யோசனை இல்லையா?”

“ஆழ்ந்து யோசித்ததில், இல்லை!” அதே பெருமூச்சு, அதே குரல்.

“ஏன் காப்பாற்றினாய்?”

“உன்னைப் போலப் பேசித்தான் இங்கே எனக்கு இவ்வளவு பேரு! நீ போய்விட்டால் நான் யாரைப் பேசிக் காட்டுவேன்?”

“அப்போ அதுவும் சுயநலம்தான்!”

“சத்தியமாக!”

அவன் கொள்கை சரியாகத்தான் இருந்தது. உயிரும் பத்திரமாக இருந்தது. கொம்பையனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. கூட்டமே சேர்ந்து சிரித்தது.

“குடிய்யா. உன் முறைதான்” என்று வெள்ளச்சி தலையை நிமிர்த்தி நின்றாள்.

எல்லோரும் தன்னலக்காரர்களே என்று கண்டுபிடிப்பது அறிவுதான். அதை அவர்கள் நடுவில் இருந்துகொண்டே சொல்வது அதைவிடப் பெரிய அறிவு.